யாரும் கேட்பதில்லை என்கிறீர்கள்

நூலகங்களிலும் பள்ளிகளிலும் புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

தன்பாலீர்ப்பாளர்களையும் திருநர்களையும் (திருநங்கைகள், திருநம்பிகள்) பற்றிய புத்தகங்கள் ஏன் உங்கள் அலமாரிகளில் இல்லை என்று பல வருடங்களாகப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். கோபப்பட்டுப் பதில் சொன்னவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "யாரும் கேட்பதில்லையே." சொன்னவர்கள் நல்லவர்கள். பணம் குறைவு, இடம் குறைவு, கேட்கிற புத்தகத்தையே வாங்கிக் கொடுக்க முடியவில்லை, இதில் கேட்காத புத்தகத்தை எங்கே வாங்குவது என்ற அவர்களுடைய கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. கேட்காமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி.

1995-இல் எனக்கு 16 வயது. என் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பார்க்கும்போது எனக்குள் நடப்பது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயர் எங்காவது அச்சில் இருக்கும் என்று மட்டும் நம்பினேன். அதுவரை எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றாலும் புத்தகத்தில்தான் தேடியிருக்கிறேன். இதையும் அங்கேயே தேடப் போனேன். நூலகத்தில் அட்டைகள் அடுக்கிய இழுப்பறைகள் இருந்தன. எந்த எழுத்தில் தொடங்கித் தேடுவது? எனக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று, அதுவும் வசவு. வசவுச் சொல்லுக்கு யாரும் அட்டை எழுதி வைத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும்.

நூலகர் எனக்குப் பழக்கமானவர். நான் கேட்ட எதையும் தேடித் தராமல் விட்டதில்லை. இரண்டு முறை அவர் மேசை வரை போனேன். என்ன வேண்டும் என்றார். ஒருமுறை அகராதி கேட்டேன், இன்னொரு முறை வானவியல் புத்தகம் கேட்டேன். அந்த வானவியல் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் ஒரு மருத்துவக் கலைக்களஞ்சியத்தில் கிடைத்தது. மனநோய்கள் பகுதியில், பிறழ்ந்த இச்சைகள் என்ற துணைத் தலைப்பின் கீழ் இரண்டு பத்தி. சிகிச்சை உண்டு என்றும், இளம் வயதிலேயே கவனித்தால் பலன் அதிகம் என்றும் எழுதியிருந்தது. யாராவது பக்கத்தில் வந்தால் மறைக்க வேண்டுமே என்று மேலே இன்னொரு புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி படித்தேன். அந்த இரண்டு பத்தியை அடுத்த 9 வருடங்கள் நம்பினேன்.

அந்தப் புத்தகம் அச்சான ஆண்டு 1968. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. ஆக, நான் அந்தப் பக்கத்தைப் படித்த நாளில் அது தவறு என்று உலகம் ஒப்புக்கொண்டு 5 வருடம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி மட்டும் நான் உட்கார்ந்திருந்த அறைக்கு வந்து சேரவில்லை. நூலகர் எதையும் மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் வரவில்லை.

வேறொரு புத்தகத்தைக் கேட்பதற்கும் இதைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். நீரிழிவு பற்றிய புத்தகம் கேட்பவருக்கு அந்த நோய் இருக்கலாம், அவருடைய அம்மாவுக்கு இருக்கலாம், சும்மா ஆர்வமாகவும் இருக்கலாம். அடுத்த கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். தன்பாலீர்ப்பு பற்றியோ பால் மாற்றம் பற்றியோ ஒரு 16 வயதுப் பிள்ளை கேட்டால் அந்தக் கேள்வியே வாக்குமூலம் ஆகிவிடுகிறது. பெற்றோரிடம் இன்னும் சொல்லாததை, சில நேரம் தனக்கே சொல்லிக்கொள்ளாததை, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் சொல்லியாக வேண்டும். அவர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருக்கலாம். வரிசையில் பின்னால் நிற்பவர் அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம். யாருக்கு அந்தப் புத்தகம் மிகவும் தேவையோ அவருக்குத்தான் வாய் திறக்க முடியாது. கோரிக்கைப் பதிவேட்டை வைத்துத் தேவையை அளக்கும் முறை மற்ற புத்தகங்களுக்கு ஓரளவு சரி. இந்தப் புத்தகங்களுக்கு அது நேர் எதிரான கணக்கைக் காட்டும்.

உங்கள் துறையின் ஆசான் இதை முன்பே யோசித்தவர். எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்கிறது. மூன்றாவது அதைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்கிறது. நூலகம் உட்கார்ந்து காத்திருந்தால் போதாது, நூல் தானாகப் போய்த் தன் வாசகரைச் சந்திக்க வழி செய்ய வேண்டும் என்பதற்குத்தான் அந்த மூன்றாவது விதி. வாசகர் தானே தட்டருகே போய்த் தொட்டு, புரட்டி, எடுத்துக்கொள்ளும் திறந்த அலமாரி முறையை அவர் அவ்வளவு வற்புறுத்தியதும் இதனால்தான். தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாத, சொல்ல முடியாத வாசகர்கள் இருக்கிறார்கள் என்பது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நான் சொல்வதற்கு அவருடைய விதிகளைத் தாண்டி எதுவும் தேவையில்லை.

என் கதை எனக்கு மட்டும் நடந்தது என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன். பிறகு பார்பரா கிட்டிங்ஸ் பற்றிப் படித்தேன். 1940களின் இறுதியில் அமெரிக்காவில் பல்கலைக்கழக முதலாண்டு மாணவி அவர். தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வகுப்புகளை விட்டுவிட்டு நூலகங்களில் தேடினார். கிடைத்தவை எல்லாம் கோளாறு, பிறழ்வு என்று பேசும் மருத்துவ நூல்கள். தேடலிலேயே நாட்கள் போய், படிப்பில் தேறாமல் வெளியேறினார். 1970-இல் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் தன்பாலீர்ப்பு உரிமைகளுக்காக ஒரு குழு தொடங்கியபோது, நூலகராக இல்லாத அவர் அதில் சேர்ந்து, அடுத்த ஆண்டிலிருந்து சுமார் 15 வருடம் அதை நடத்தினார். நல்ல நூல்களின் பட்டியல் தயாரித்து நூலகங்களுக்குக் கொடுப்பது அந்தக் குழுவின் முக்கியமான வேலை. இப்படிப்பட்ட நூல்களுக்கான பரிசும் 1971-இல் தொடங்கியது. அவருக்கு எட்டாத புத்தகங்கள் அடுத்து வந்தவர்களுக்கு எட்ட வேண்டும் என்று ஒரு வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார். அந்தச் சங்கம் 2003-இல் அவரைக் கௌரவ வாழ்நாள் உறுப்பினர் ஆக்கியது.

புத்தகம் வாங்குவதோடு வேலை முடிவதில்லை என்பதும் அவரைப் போன்றவர்களின் அனுபவத்திலிருந்துதான் எனக்குப் புரிந்தது. எங்கே வைக்கிறோம், என்ன பெயர் எழுதி வைக்கிறோம் என்பதும் வாசகரிடம் பேசும். உலகம் முழுக்க நூலகங்கள் பயன்படுத்தும் டியூயி தசம வகைப்பாட்டில் தன்பாலீர்ப்பு முதன்முதலில் இடம்பெற்றது 1932 பதிப்பில், மனப்பிறழ்வுகளுக்கான எண்ணில். நூலின் முதுகில் ஒட்டிய எண்ணே வாசகருக்கு நோய் என்று சொல்லியது. இன்று அதே முறையில் 306.76 என்ற எண் இருக்கிறது. குடும்பம், திருமணம் பற்றிய நூல்களுக்குப் பக்கத்துத் தட்டு. உங்கள் நூலகத்தில் இப்போதும் யாரோ பழைய பழக்கத்தில் இந்த நூல்களை மனநோய்க்குப் பக்கத்திலோ குற்றவியலுக்குப் பக்கத்திலோ அடுக்கியிருக்கக்கூடும். ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரு மதியம்தான் ஆகும்.

பார்க்கும்போது அந்தக் கலைக்களஞ்சியம் போன்ற பழைய மருத்துவ நூல்களும் கண்ணில் படும். அவற்றை என்ன செய்வது?

ஒரு புத்தகத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்களுடைய வரலாற்றில் புத்தகங்களை எடுத்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1919-இல் பெர்லினில் பாலியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தன்பாலீர்ப்பாளர்களையும் பால் மாற நினைத்தவர்களையும் மதித்து நடத்திய இடம். பெரிய நூலகமும் அங்கே இருந்தது. 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் புகுந்து சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து, மே 10 இரவு, அந்த நூல்களை நகரின் நடுவில் ஒரு சதுக்கத்தில் போட்டு எரித்தார்கள். ஒரு தலைமுறை சேர்த்த அறிவு ஓர் இரவில் போயிற்று.

ஆகவே எதையும் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் 1968-இல் அச்சான மருந்தளவுப் புத்தகத்தை இன்று ஒரு நோயாளி எடுத்துப் படிக்கும்படி முன்வரிசையில் வைக்க மாட்டீர்கள். வைத்தால் ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். அதே அக்கறையை இங்கேயும் காட்டுங்கள். காலாவதியான மருத்துவ நூல்களை ஆய்வாளர்களுக்கான பகுதிக்கு மாற்றுங்கள். பொது அலமாரியில்தான் இருக்க வேண்டும் என்றால், இந்த விஷயத்தில் மருத்துவ உலகின் கருத்து 1990-இல் மாறிவிட்டது என்று உள்ளட்டையில் ஒரு சீட்டாவது ஒட்டி வையுங்கள். திருநர் குறித்தும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய நோய் வகைப்பாட்டில், பால் அடையாளம் சார்ந்தவை மனநோய்கள் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. அதற்கு முந்தைய நூல்கள் அதைச் சொல்லாது.

இப்போதுதான் கைபேசி இருக்கிறதே, பிள்ளைகள் அதிலேயே பார்த்துக்கொள்வார்களே என்று சிலர் சொல்கிறார்கள். பார்க்கிறார்கள்தான். நான் பேசிய இளைஞர்கள் பலர் முதலில் அங்கேதான் தேடியிருக்கிறார்கள். ஆபாசம் வந்தது, கேலி வந்தது, மாற்றிக் காட்டுகிறோம் என்று பணம் கேட்பவர்களும் வந்தார்கள். நல்லவையும் கிடைக்காமல் இல்லை. ஆனால் எது நல்லது என்று பிரித்துப் பார்க்க ஓரளவாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், கைபேசி பல வீடுகளில் ஒருவருக்கு மட்டும் சொந்தமானது இல்லை. தேடியது என்னவென்று அடுத்து எடுப்பவர் கண்ணில் படும். புத்தகத்துக்குப் பின்னால் எழுதியவர் பெயர் இருக்கிறது, பதிப்பித்தவர் இருக்கிறார், அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நீங்கள் இருக்கிறீர்கள். 15 வயதில் அது பெரிய பாதுகாப்பு.

சரி, இன்னொரு பதிலும் எனக்குக் கிடைப்பதுண்டு. அதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள்: "வாங்கினால் பிரச்சினை வரும்." இது உண்மையான பயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் 2023 ஒரே ஆண்டில் நீக்கக் கோரிக்கைக்கோ எதிர்ப்புக்கோ உள்ளான தலைப்புகள் 4,240 என்று அங்குள்ள நூலகச் சங்கம் கணக்கிட்டது. எங்களைப் பற்றிய நூல்கள் அதில் பெரிய பங்கு. ஹங்கேரியில் 2021-இல் வந்த சட்டத்தின்படி, தன்பாலீர்ப்பு வரும் நூல்களை இளைஞர் பகுதியில் விற்றால் பிரிக்க முடியாத உறையில் போட்டு விற்க வேண்டும். அப்படி உறை போடாத ஒரு புத்தகக் கடை நிறுவனத்துக்கு 2023-இல் 1 கோடியே 20 லட்சம் ஃபோரின்ட் அபராதம் விதித்தார்கள்.

ஆனால் பயம் சட்டத்தைவிட வேகமாக ஓடும் என்பதற்கு பிரிட்டன் ஓர் எடுத்துக்காட்டு. உள்ளாட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று 1988-இல் அங்கே ஒரு சட்டப்பிரிவு வந்தது. அதன் எண் 28. அந்தப் பிரிவின்கீழ் ஒரு மன்றம்கூடத் தண்டிக்கப்பட்டதில்லை. தண்டிக்க வேண்டிய தேவையே வரவில்லை. நூல்கள் தாமாக அலமாரியிலிருந்து இறங்கின. ஆசிரியர்கள் தாமாக வாயை மூடிக்கொண்டார்கள், வகுப்பில் ஒரு பிள்ளையைக் கேலி செய்து அழ வைத்தபோதுகூட என்ன சொன்னால் தப்பாகுமோ என்று ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் 2000-இலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-இலும்தான் அந்தப் பிரிவு நீங்கியது. அந்தப் பிரிவு இருந்த வருடங்களில் பள்ளியில் படித்து வெளியே வந்த பிள்ளைகளுக்கு அந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? உங்கள் ஊரில் இப்படி ஒரு சட்டம் இல்லையென்றால், இல்லாத சட்டத்துக்கு நீங்கள் கீழ்ப்படிய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரச்சினை வந்தால் தனியாக நிற்காமல் இருக்க இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளலாம். எந்த அடிப்படையில் நூல்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை எழுதி வையுங்கள். ஒரு நூலை நீக்கச் சொல்பவர் அதை முழுக்கப் படித்துவிட்டுக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், குழு கூடி முடிவெடுக்கும் வரை நூல் தட்டிலேயே இருக்கும் என்று முன்கூட்டியே விதி செய்யுங்கள். யுனெஸ்கோவும் சர்வதேச நூலகச் சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்டிருக்கும் பொது நூலக அறிக்கை, நூல் தொகுப்புகள் கருத்தியல், அரசியல், மதத் தணிக்கைக்கு உட்படக் கூடாது என்கிறது. 1994-இல் வந்தது, 2022-இல் திருத்தப்பட்டது. மேலதிகாரி கேட்டால் எடுத்துக் காட்ட அது உதவும்.

பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்ற கவலை பெற்றோர்களிடமிருந்து வரும். அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் இந்த நூல்களில் என்ன இருக்கிறது என்று பலர் பார்த்ததே இல்லை. சிறு பிள்ளைகளுக்கான படக்கதையில் ஒரு குழந்தைக்கு இரண்டு அம்மா இருப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் குழந்தை பட்டம் விடும், விழுந்து முட்டியைக் கிழித்துக்கொள்ளும். பதின்பருவத்தினருக்கான கதையில் ஒரு பையன் இன்னொரு பையனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கொடுக்காமல் வைத்திருப்பான். ஓர் ஆணும் பெண்ணும் காதலித்து ஓடிப்போகும் கதைகளை அதே வயதுப் பிள்ளைகளுக்கான தட்டில் தாராளமாக வைத்திருக்கிறீர்கள். அவற்றை யாரும் பாலியல் நூல் என்று சொல்வதில்லை. உடலைப் பற்றியும் உறவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசும் நூல்கள் தனி. அவற்றை வயதுக்கேற்பப் பிரித்து வைக்க உங்களுக்குத் தெரியும், நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முறையான பாலியல் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உடலுறவுக்குத் தள்ளுவதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

தன் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று சொல்ல ஒரு பெற்றோருக்கு உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அந்த உரிமை அடுத்த வீட்டுப் பிள்ளை வரை நீளாது. 1989-இல் ஐநா ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, தகவலைத் தேடவும் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 17-ஆம் பிரிவு, நல்ல நூல்கள் குழந்தைகளுக்குக் கிடைக்கச் செய்வதை அரசுகளின் கடமையில் சேர்க்கிறது. குழந்தைக்கு என்று அங்கே எழுதியிருப்பதில் நான் அந்த இழுப்பறைகளுக்கு முன்னால் நின்ற 16 வயதும் அடங்கும்.

இதுவரை பிள்ளைகளைப் பற்றியே பேசிவிட்டேன். பெரியவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது.

எனக்கு 31 வயதானபோது வீட்டில் சொன்னேன். அம்மா அழுதார். அப்பா ஒன்றும் பேசவில்லை. மூன்று வாரம் கழித்து, நான் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்று கேட்டார்: "இதைப் பத்திப் படிக்கிறதுக்கு ஏதாவது புத்தகம் இருக்காம்மா? தமிழ்ல?" அப்பா எதையும் படித்துத் தெரிந்துகொள்பவர். நோய் வந்தாலும் வழக்கு வந்தாலும் முதலில் நூலகத்துக்குப் போவார். அந்த மூன்று வாரத்தில் அவர் தன் வழக்கமான நூலகத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறார். கேட்க முடியவில்லை. மகளுக்கு 16 வயதில் நடந்தது அப்பாவுக்கு 60 வயதைத் தாண்டி நடந்திருக்கிறது. அவர் அங்கே போய் நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

நான் தேடிக் கொடுத்தேன். தமிழில் திருநங்கைகள் தாங்களே எழுதிய தன்வரலாறுகள் 2000களிலிருந்து வந்திருக்கின்றன. அவற்றை அவர் இரண்டு நாளில் படித்து முடித்தார். ஆனால் ஒரு பெண்ணை நேசிக்கும் மகளைப் பெற்றவர், மகளிடம் என்ன பேசுவது, உறவினர்களிடம் என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ள அவர் மொழியில் அன்று என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் இருந்தவற்றை நான் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். மகளே ஆசிரியையாக இருப்பது அவருக்கும் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சில கேள்விகளை அவர் ஒரு புத்தகத்திடம்தான் கேட்டிருக்க முடியும்.

பெரியவர்கள் இந்த வயதில் மாறமாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு ஒரு நிகழ்வைச் சொல்வேன். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். இந்த விஷயத்தில் தன் மனத்தில் முன்முடிவுகள் இருப்பதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தீர்ப்பு எழுதுமுன் தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து இதைப் பற்றிக் கற்றுக்கொண்டார். ஜூன் 7 அன்று அவர் தந்த உத்தரவில் காவல்துறை, பள்ளிகள், பெற்றோர், மருத்துவர்கள் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. என் 16 வயதில் எந்த எழுத்தில் தேடுவதென்று தெரியாமல் நின்ற எனக்கு, வசவில்லாத சொற்களை ஓர் அரசு அச்சிட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நீதிபதியால் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொள்ள முடிந்தது. ஓர் ஆசிரியருக்கு, ஒரு தாய்க்கு, ஒரு செவிலியருக்கு உங்களை விட்டால் போக்கிடம் இல்லை. ஆசிரியர்களுக்கான வழியும் எளிதில் அடைபட்டுவிடுகிறது. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக இந்தியாவின் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2021-இல் வெளியிட்ட கையேடு, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதிகாரப்பூர்வமாக ஒரே இடத்தில் மட்டும் இருந்த ஆவணம், அங்கே எடுத்துவிட்டால் தேடுகிறவர் கைக்குக் கிடைப்பது கடினம். நூறு நூலகங்களில் அச்சுப் பிரதியாக இருந்திருந்தால் அப்படி மறைந்திருக்காது.

பிள்ளைகளுக்கு வேண்டாம், பெரியவர்கள் வேண்டுமானால் படித்துக்கொள்ளட்டும் என்ற சமரசமும் நிற்காது. ரஷ்யாவில் 2013-இல் வந்த சட்டம் சிறுவர்களிடையே செய்யப்படும் தன்பாலீர்ப்புப் 'பிரச்சாரத்தை'த்தான் தடை செய்கிறோம் என்றது. 2022 டிசம்பரில் அதை எல்லா வயதினருக்கும் நீட்டினார்கள். கதவைப் பாதி சாத்துவது அதோடு நிற்பதில்லை.

உங்களிடம் நான் கேட்பது என்ன? பெரிய தொகை ஒதுக்கத் தேவையில்லை. பத்துப் புத்தகமாவது திறந்த தட்டில் இருக்கட்டும். கதைகளைக் கதைகளோடும் தன்வரலாறுகளைத் தன்வரலாறுகளோடும் கலந்து வையுங்கள். வானவில் படம் ஒட்டித் தனி மூலை அமைப்பது நல்ல மனத்தோடு செய்வதுதான், சில இடங்களில் அது வரவேற்பாகவும் இருக்கும். ஆனால் அந்த மூலையில் நிற்பதையே எல்லாரும் பார்ப்பார்கள் என்றால் யாருக்காக அமைத்தோமோ அவர் அந்தப் பக்கமே வர மாட்டார். மேசைக்குப் பின்னால் பூட்டி வைத்துக் கேட்டால் தருவோம் என்பது இல்லாததற்குச் சமம். பட்டியலில் தேடினால் கிடைக்கும்படி தன்பாலீர்ப்பு, திருநர், பால்புதுமையர் (இவர்கள் எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல்) என்று மக்கள் இன்று பயன்படுத்தும் சொற்களைப் பொருள் தலைப்பாகச் சேருங்கள். பார்வையற்ற வாசகர்களுக்கு ஒலிநூலாகக் கிடைப்பவற்றையும் வாங்குங்கள். அவர்கள் வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய நிலை, நான் சொன்ன எல்லாவற்றையும்விடக் கடினமானது.

யார் எதை எடுத்தார்கள் என்ற பதிவு, புத்தகம் திரும்பியதும் அழியும்படி செய்யுங்கள். பல மென்பொருள்களில் அதற்கு வசதி இருக்கிறது, யாரும் அதை இயக்கி வைப்பதில்லை. கெடு தாண்டிவிட்டால் வீட்டுக்கு அனுப்பும் நினைவூட்டலில் நூலின் பெயர் இருக்க வேண்டாம். வெளியே எடுத்துப் போகாமல் உட்கார்ந்து படிக்கிறவரை ஏன் என்று கேட்காதீர்கள். தட்டில் இடம் மாறிக் கிடக்கும் இந்தப் புத்தகங்களைப் பார்த்தால் யாரோ ஒளித்து வைத்துப் படிக்கிறார்கள் என்று பொருள், கோபப்படாமல் பழைய இடத்தில் வைத்துவிடுங்கள். காணாமல் போனால் இன்னொன்று வாங்குங்கள். இரவல் கணக்கில் பூஜ்யம் காட்டும் ஒரு புத்தகத்தின் ஓரங்கள் அழுக்காகியிருக்கிறதா என்று, கழித்துக் கட்டுவதற்கு முன் எடுத்துப் பாருங்கள். நான் அந்தக் கலைக்களஞ்சியத்தைக் குறைந்தது 20 முறை எடுத்திருக்கிறேன். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

அப்பா இப்போது இல்லை. அவர் கடைசியாக எடுத்து வந்த நூலக அட்டை என்னிடம் இருக்கிறது. எனக்கு இப்போது 40 வயது தாண்டிவிட்டது, என்னைப் பற்றித் தெரிய வேண்டியவர்கள் எல்லாருக்கும் தெரியும், இழக்கப் பயப்படும்படி பெரிதாக எதுவும் இல்லை. அதனால் போன வாரம் நான் போகும் நூலகத்தில் நூல் பரிந்துரைப் படிவம் ஒன்றை வாங்கி, ஐந்து புத்தகங்களின் பெயரை எழுதினேன். பரிந்துரைப்பவர் என்ற இடத்தில் என் முழுப்பெயரை எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் படித்துப் பார்த்துவிட்டு, "இதை யாரும் கேட்டதில்லையே" என்றார்.

"நான் கேட்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்" என்றேன். குறித்துக்கொண்டார்.

அன்புடன்,
ஒரு வாசகி